அம்மம்மாவும் முர்முரும்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சுவீடனுக்குப் போய்வரும் நம் நண்பர்கள் பெரும்பாலும் இரண்டே சொற்களோடு திரும்புகிறார்கள். ஒன்று 'ஹேய்', அதாவது வணக்கம். மற்றொன்று 'தக்', அதாவது நன்றி. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அங்கே பேருந்து ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். நாம் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே, பாவம் இந்தப் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

நானும் ஸ்டாக்ஹோமில் ஓர் அரையாண்டு படித்துவிட்டு வந்தவன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கல்லூரித் திட்டம் 2005இல் அந்நகருக்கும் விரிந்தது. அதற்குப் பிறகு சுவீடன் என்றால் நம் மாணவர்களுக்கு ஐக்கியா கடை மட்டும் நினைவுக்கு வந்த காலம் மாறிவிட்டது. இனிமேல் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். சுவீடிய மொழியை ஆங்கிலம் வழியே கற்பதைவிடத் தமிழ் வழியே கற்பது பல இடங்களில் எளிது என்பது என் கருத்து. மலாயும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் மலாய் வழி தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த என்னைப் போன்றவர்களைப் பார்த்து, 'ஆங்கிலம் பிந்திவந்த பிள்ளைகள்' என்று சிலர் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் இந்த ஒரு மொழியைப் பொறுத்தவரை தேவையில்லை.

முதலில் உறவுமுறைகளைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பாட்டி என்றால் ஒரே சொல்தான். அம்மாவைப் பெற்றவரா, அப்பாவைப் பெற்றவரா என்று அந்தச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. சுவீடிய மொழியில் அம்மாவுக்கு 'மூர்', அப்பாவுக்கு 'ஃபார்' என்று பெயர். (இன்று வீட்டில் 'மம்மா', 'பப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) இந்த இரண்டையும் சேர்த்தால் நான்கு பேரும் வந்துவிடுகிறார்கள். அம்மாவின் அம்மா 'முர்முர்', அம்மாவின் அப்பா 'முர்ஃபர்', அப்பாவின் அம்மா 'ஃபர்முர்', அப்பாவின் அப்பா 'ஃபர்ஃபர்'. யாழ்ப்பாணத் தமிழர் அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா என்கிறார்களே, அதே கணக்கு! சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனால் இந்தச் சொற்களை இங்கேயே கேட்கலாம். நம்மில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அம்மாச்சி, அப்பாயி, தாத்தா என்று வேறு பெயர் வைத்திருந்தாலும், பிரித்துப் பார்க்கும் கண் நமக்கும் உண்டு.

அடுத்த தலைமுறையிலும் அப்படியே. அம்மாவின் சகோதரி 'முஸ்தெர்', அப்பாவின் சகோதரி 'ஃபஸ்தெர்'. அம்மாவின் சகோதரர் 'முர்ப்ருர்', அப்பாவின் சகோதரர் 'ஃபர்ப்ருர்'. சித்தியையும் அத்தையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வேலை இங்கே இல்லை. என் வகுப்பில் இருந்த ஆங்கிலேய மாணவர்கள் இந்தப் பட்டியலை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அட்டை எதற்கு? 'ஃபஸ்தெர்' என்றால் அத்தை என்று ஒருமுறை சொன்னால் போதும். ஆனால் ஒத்துமை இங்கேயே நின்றுவிடுகிறது. பெரியம்மா வேறு, சித்தி வேறு என்ற வயதுக் கணக்கு அவர்களிடம் இல்லை. அண்ணனும் தம்பியும் 'ப்ரூர்'தான். வேண்டுமென்றால் பெரிய, சின்ன என்று முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமா மகளும் சித்தப்பா மகளும் 'குசீன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள்.

இனி ஒலிக்கு வருவோம். தமிழ் நாக்குக்கு இங்கேதான் பெரிய பரிசு காத்திருக்கிறது. ஆங்கிலேயர் 'ட'வும் இல்லாமல் 'த'வும் இல்லாமல் நடுவில் ஓர் ஒலியை வைத்திருக்கிறார்கள். சுவீடியரிடம் பல்லைத் தொடும் 'த' இருக்கிறது. 'தக்' என்ற சொல்லை நம் 'தம்பி'யின் 'த'வாகவே சொல்ல வேண்டும். இன்னும் வியப்பு, ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் ரகரத்துக்குப் பின்னால் த வந்தால் இரண்டும் சேர்ந்து நாக்கை மடித்து ஒலிக்கும் 'ட' ஆகிவிடுகிறது. ந வந்தால் 'ண', ல வந்தால் 'ள'. குழந்தைக்கு அவர்கள் எழுதும் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'பார்ன்'. பேச்சில் அது 'பாண்'. மேசையை எழுத்துப்படி வாசித்தால் 'பூர்த்', வாயில் வருவது 'பூட்'. டண்ணகரமும் றன்னகரமும் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியைக்கு அப்போது மனத்துக்குள் நன்றி சொன்னேன். நாட்டின் தென்கோடியில், லுண்ட், மால்மோ பக்கம், ரகரத்தைத் தொண்டையில் ஒலிக்கிறார்கள். அங்கே போகிறவர்களுக்கு இந்தப் பரிசு கிடைக்காது.

குறில், நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கமானதே. 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. 'கிளாஸ்' என்று நீட்டினால் கண்ணாடிக் குவளை. 'கிளஸ்ஸ்' என்று குறுக்கி மெய்யை அழுத்தினால் ஐஸ்கிரீம். படம், பாடம் என்று முதல் வகுப்பிலேயே படித்தவனுக்கு இதில் என்ன மயக்கம்? ஆனால் நம் எழுத்துக்குள் அடங்காத உயிரொலிகள் சில உண்டு. உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், 'எ' சொல்லிப் பாருங்கள். அவற்றுக்கு எழுத்து தேடிப் பயனில்லை, காதுதான் வேண்டும். ஏழு என்ற எண்ணைச் சொல்லும் ஒலியும் அப்படித்தான். நான் 'ஷூ' என்று எழுதினாலும், ஊதிய மெழுகுவத்தி போல அது தொண்டையிலிருந்து காற்றாக வருகிறது. வடக்கே போனால் இன்னொரு வேடிக்கை. 'ஆம்' என்பதற்குச் சொல்லே சொல்லாமல், மூச்சை 'ஷ்ப்' என்று உள்ளே இழுக்கிறார்கள். முதன்முறை கேட்பவர், எதிரில் இருப்பவர் எதையோ கண்டு பயந்துவிட்டார் என்றே நினைப்பார்.

இலக்கணத்தில் மலாய் கைகொடுக்கும் இடம் வினைச்சொல். தமிழில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்று வினையே ஆளைக் காட்டிவிடும். சுவீடிய மொழியில் யார் பேசினாலும் 'தாலர்' ஒன்றுதான். மலாயில் யார் பேசினாலும் 'சக்காப்' என்பதுபோல. ஆகவே 'நான்', 'நீ' என்ற சொற்களை விட்டுவிட்டுப் பேசும் தமிழ்ப் பழக்கத்தை இங்கே விட வேண்டியதுதான்.

தமிழ் மட்டுமே கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'அவன் தன் புத்தகத்தை எடுத்தான்' என்றால் ஒரு பொருள். 'அவன் அவனுடைய புத்தகத்தை எடுத்தான்' என்றால் வேறு ஒருவனுடையதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மலாயில் 'ஞா' என்ற ஒட்டைச் சேர்த்தாலும் யாருடையது என்று தெரியாது. சுவீடிய மொழியிலோ 'சின்' என்றால் தன், 'ஹன்ஸ்' என்றால் மற்றவனுடைய. இவற்றை மாற்றிப் போட்டால் ஒருவன் தன் மனைவியோடு வந்ததற்குப் பதிலாக அடுத்தவன் மனைவியோடு வந்தவனாகிவிடுவான்! பாடநூல்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு 'சின் என்றால் தன்' என்ற மூன்று சொல் போதும்.

சொற்களைச் சேர்த்து எழுதுவதும் அப்படியே. பல் மருத்துவர் அங்கே 'தந்த்லேக்கரெ'. 'தந்த்' பல், 'லேக்கரெ' மருத்துவர். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட தந்தம் என்ற சொல்லும் இந்த 'தந்த்'தும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. மருத்துவமனை 'ஷூக்ஹூஸ்', நோயாளி வீடு. இந்தோனேசியர் 'ரூமா சாகிட்' என்பதும் இதுவே. இப்படிச் சேர வேண்டிய சொற்களைப் பிரித்து எழுதினால் பொருள் கெடும். சேர்த்து எழுதிய 'ரெக்ஃப்ரித்' புகைபிடிக்கத் தடை செய்த இடம். அதையே இரண்டாகப் பிரித்து எழுதினால், 'தாராளமாகப் புகைபிடி' என்று ஆகிவிடும். கீரைக்கடை என்பதில் ஒற்றை விட்டால் கீரை கடை என்று கட்டளையாகிவிடும் என்று தமிழ் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா?

எல்லாமே இப்படி இனிக்காது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் 'என்' இனமா, 'எத்' இனமா என்று தனித்தனியே மனத்தில் ஏற்ற வேண்டும். புத்தகம் 'என் பூக்', வீடு 'எத் ஹூஸ்'. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஏறக்குறைய முக்கால் பங்குச் சொற்கள் 'என்' இனம் என்பதால், ஐயம் வந்தால் 'என்' என்று சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். 'அந்தக் குறிப்பிட்ட புத்தகம்' என்று சொல்ல இதே ஒட்டு சொல்லின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்: 'பூக்கென்', 'ஹூசெத்'. பின்னால் ஒட்டு சேர்ப்பது நமக்குப் புதிதன்று.

சொல்வரிசையில் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. நம் வினைச்சொல்லுக்குக் கடைசி வரிசை பிடிக்கும். அவர்களுடைய வினைச்சொல்லுக்கு இரண்டாம் இருக்கை நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'நான் இன்று சோறு சாப்பிடுகிறேன்' என்பதை 'இன்று' என்று தொடங்கினால், 'இதாக் ஏதெர் யாக் ரீஸ்', அதாவது 'இன்று சாப்பிடுகிறேன் நான் சோறு' என்று வரும். முதலிடத்தில் எதை உட்காரவைத்தாலும் வினை எழுந்து போகாது. பயிற்சி ஒன்றே வழி. கடிகாரம் பார்ப்பதிலும் கவனம் தேவை. 'ஹல்வ் த்ரே' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'அரை மூன்று'. மூன்றரை என்று எண்ணிப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். அது இரண்டரை.

இனி மரியாதை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்மையான சங்கடம் இங்கேதான். பேராசிரியர், மருத்துவர், எண்பது வயதுப் பாட்டி எல்லாரும் 'தூ'தான், நம் 'நீ'. (பந்து என்பதன் கடைசி ஒலியை நீட்டினால் இந்தச் சொல் வரும்.) பேராசிரியரைப் பெயர் சொல்லி வேறு கூப்பிட வேண்டும். ஆனால் சுவீடன் எப்போதும் இப்படி இருந்ததில்லை. முன்பு ஒருவரிடம் பேசும்போதே அவருடைய பதவியைப் படர்க்கையில் சொன்னார்கள். மருத்துவரைப் பார்த்து, 'டாக்டர் காப்பி குடிப்பாரா?' என்று கேட்பது வழக்கம். மலேசியத் தேசியப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது விநோதமே அல்ல. ஆசிரியரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே 'ச்சிக்கு எங்கே போகிறார்?' என்றுதானே மலாயில் கேட்டோம்? ஒருவரின் பதவி தெரியாவிட்டால் அவரிடம் பேசவே வழியில்லை என்ற அளவுக்கு அந்த வழக்கம் சுவீடனில் தொல்லையாகிப்போனது. 1967இல் அரசு மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெத், தம் ஊழியர் அனைவரையும் 'தூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்த மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தாலும், இன்றும் அவர் பெயரோடுதான் நினைக்கப்படுகிறது.

அப்படியானால் பணிவை எதில் காட்டுவது? ஆங்கிலத்தில் கேட்கும்போது சேர்க்கும் 'ப்ளீஸ்' என்ற சொல்லுக்குச் சரியான இணை சுவீடிய மொழியில் இல்லை. 'என் கஃபே, தக்' என்று முடித்துவிடுவார்கள். ஒரு காப்பி, நன்றி. நாமும் தேக்கா சந்தையில் 'தயவுசெய்து ஒரு தேநீர் தாருங்கள்' என்றா கேட்கிறோம்? 'அண்ணே, ஒரு தே' என்றால் அந்த 'அண்ணே'யிலேயே பணிவும் உரிமையும் வந்துவிடுகின்றன. அவர்கள் உறவுச் சொல்லுக்குப் பதிலாக 'தக்' என்பதை வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவருக்கு 'தக் ஃபெர் மாதென்', சாப்பாட்டுக்கு நன்றி. ஒரு வாரம் கழித்து அவரையே மறுபடி சந்தித்தால் 'தக் ஃபெர் செனஸ்த்', போன முறைக்கு நன்றி. பெற்ற தாயிடம் சோற்றுக்கு நன்றி சொன்னால் நம் வீட்டில் 'என்னடா, உடம்பு சரியில்லையா?' என்பார்கள். அங்கே சொல்லாவிட்டால்தான் முகம் மாறும். விடைபெறும்போது மட்டும் இரு மொழியும் ஒன்றுசேர்கின்றன. 'வீ சேஸ்' என்றால் 'பார்ப்போம்'. அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

இவ்வளவும் தெரிந்தாலும், பாடநூலை மூடிவிட்டுக் கடைக்குப் போனால் ஒன்றும் புரியாது. ஏனென்றால் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. 'நான்' என்பதை 'யாக்' என்று எழுதி 'யா' என்கிறார்கள். 'ஏர்' என்று எழுதி 'ஏ' என்கிறார்கள். 'உம்' என்ற பொருள் தரும் 'ஒக்' பேச்சில் வெறும் 'ஒ'. 'அவர்கள்' என்பதை 'தே' போல எழுதிவிட்டு 'தொம்' என்று வேறு சொல்லாகவே சொல்கிறார்கள். மற்ற மாணவர்கள் இதை மோசடி என்று முணுமுணுத்தார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று பேசும் நமக்கு இது சின்ன இடைவெளி. தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளை சிராங்கூன் சாலையில் விழிப்பது ஏன் என்றும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

ஆகவே சுவீடனுக்குப் போகிறவர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறியவுடன் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: 'கன் வீ ப்ராத்தா ஸ்வென்ஸ்கா?' நாம் சுவீடிய மொழியில் பேசலாமா? பெரும்பாலானோர் மகிழ்ந்து, மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். ஆங்கிலத்துக்கு அவர்கள் மாறியதும் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு மொழியைக் கற்கவிடாது. அந்த நாடு 2009இல் ஒரு மொழிச் சட்டம் இயற்றி, சுவீடிய மொழியே நாட்டின் முதன்மை மொழி என்று எழுதிவைத்தது. ஏறத்தாழ எல்லாரும் பேசும் மொழிக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

தேக்காவில் இதே காட்சியைத் தினமும் பார்க்கிறோம். கடைக்காரரும் தமிழர், வாங்க வந்தவரும் தமிழர், பேச்சு ஆங்கிலத்தில். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் 2.5 விழுக்காடு. நம் சங்கத்துக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் சிலர் 'எனக்குத் தமிழ் அவ்வளவா வராதுண்ணே' என்று தொடங்குகிறார்கள். உடனே நாமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம், ஸ்டாக்ஹோம்காரரைப் போலவே, அன்பினால்.

சுவீடனில் வாழும் ஈழத்தமிழர்கள் நிலை வேறு. குடியேறிய பெரியவர்களுக்கு அரசு சுவீடிய மொழியை இலவசமாகக் கற்பிக்கிறது. பிள்ளைகளுக்கு 1977ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாகப் பள்ளியிலேயே வீட்டு மொழி வகுப்பு உண்டு. பொதுவாக ஒரு நகராட்சியில் ஐந்து மாணவர்கள் கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் வகுப்பு நடத்த வேண்டும். ஐந்து பேர்! நம் சங்கக் கூட்டத்துக்குக்கூட அதைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

இங்கிருந்தே தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978 முதல் சிங்கப்பூரில் இருக்கும் ஐக்கியாவுக்குப் போய் நாற்காலிப் பெயர்களைப் படிப்பதில் பெரிய பயனில்லை. சோபாக்களுக்கு ஊர்ப்பெயர், குளியலறைப் பொருள்களுக்கு ஏரி, ஆற்றுப் பெயர் என்று வைத்திருக்கிறார்கள். அலெக்சாண்டிரா கிளையின் உணவகத்தில் 'ஷெத்புல்லர்' என்ற இறைச்சி உருண்டையும் 'கனேல்புல்லெ' என்ற கறுவாப்பட்டை ரொட்டியும் நாக்கில் நிற்கும். எளிய சுவீடிய மொழியில் வரும் 'ஓத்தா சீதொர்' என்ற செய்தித்தாளை இணையத்தில் படிக்கலாம். தமிழ் வழி அகராதி வேண்டுமென்றால் பக்கத்து நாடான நார்வேயைத்தான் நாட வேண்டும். அங்கே தமிழர் அதிகம் என்பதால் 'லெக்சின்' என்ற இணைய அகராதியில் நார்வேஜிய மொழிக்குத் தமிழ்ப் பொருள் தந்திருக்கிறார்கள். இரண்டும் அக்காள் தங்கை மொழிகள், பாதிக்கு மேல் பொருந்தும். 'இல்லை' என்ற பொருளில் சுவீடியர் சொல்வது 'இந்தெ', நார்வேயில் 'இக்கெ'. மாற்றிச் சொன்னாலும் ஸ்டாக்ஹோமில் புரிந்துகொள்வார்கள். ஆஸ்லோவில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள்.